தொடைக்கு வெட்டி, இடுப்புக்குப் பிடித்த பேண்ட்

என் இடுப்பு 29 இன்ச், சீட் (பிட்டத்தைச் சுற்றி எடுக்கிற அளவு) 39, தொடை 24½. காரைக்குடியில் நான் பார்த்த எந்த ரெடிமேட் பேண்ட்டிலும் இந்த மூன்று அளவும் ஒன்றாக அமைந்ததில்லை. தொடை நுழைகிற பேண்ட்டை எடுத்தால் முதுகுப் பக்கம் இடுப்பில் உள்ளங்கை போகிற இடைவெளி. இடுப்பில் கச்சிதமாக நிற்கிற பேண்ட் நடுத்தொடையோடு நின்றுவிடும். இழுத்து ஏற்றினாலும் உட்கார முடியாது. ஒரு கடையில் "கொஞ்சம் வெயிட் குறைச்சீங்கன்னா எல்லாம் சரியாயிரும்" என்றார்கள். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் என்று வருஷக்கணக்காக சைக்கிள் மிதித்து உருவான தசை இது. ஒரு பேண்ட்டுக்காக அதைக் குறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. அதனால் காலுக்கு ஏற்ற பேண்ட்டை நானே வெட்டித் தைத்தேன். இதே சிக்கல் உள்ள பெண்களுக்கு உதவும் என்று அளவுகளோடு எழுதுகிறேன்.

முதலில் காரணம். மிதியை மேலிருந்து கீழே அழுத்தும்போது பெரும்பங்கு வேலையைச் செய்வது தொடையின் முன்பக்கம் உள்ள நாலு தசைகளும் பிட்டத் தசையும். வளர்வதும் அவைதான். இடுப்பு அப்படியே இருக்கும், சில சமயம் குறையவும் செய்யும். ரெடிமேட் கம்பெனிகள் ஒரே மூல அளவை வைத்துக்கொண்டு, சைஸ் கூடக் கூட இடுப்பு, சீட், தொடை எல்லாவற்றையும் ஒரு கணக்காக ஏற்றிக்கொண்டே போகின்றன. தொடை பெரிதென்றால் இடுப்பும் பெரிதாகத்தான் இருக்கும் என்பது அந்தக் கணக்கு. இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. சதைப்பிடிப்பால் பருத்த தொடை கவட்டுக்குப் பக்கத்தில், உள்பக்கமாக அகலமாக இருக்கும். கீழே போகப் போகக் குறையும். சைக்கிள் ஓட்டுகிற தொடை முன்னாலும் வெளிப்பக்கமும் புடைத்து, நடுத்தொடை வரைக்கும் அந்தக் கனம் குறையாமல் வரும். பேண்ட்டின் பக்கக் கோடோ தொடையிலிருந்து முட்டிக்கு நேராகச் சரிந்து இறங்கும். பெரிய சைஸ் எடுத்தும் நடுத்தொடை பிடிப்பது இதனால்தான்.

"சுடிதார் பாட்டம் போட்டுக்கிட்டா என்ன?" என்று அயித்தை கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தொளதொளவென்ற பாட்டத்தின் கீழ்நுனி வலது காலில் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே போய்ச் சிக்கும். லெகிங்ஸ் சைக்கிள் சீட்டில் உரசி உள்தொடையில் சீக்கிரம் மெலிந்துவிடும், பெரும்பாலும் பாக்கெட்டும் இருக்காது. பேட் வைத்த லைக்ரா ஷார்ட்ஸ் நீண்ட தூரத்துக்கு அருமை, ஆனால் அதோடு அலுவலகத்தில் போய் உட்கார முடியாது. எனக்கு வேண்டியது வேலைக்கு மிதித்துப் போய், அப்படியே மேசையில் உட்காரக்கூடிய ஒரு பேண்ட்.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். செட்டிநாட்டு ஊர்களில் ஒரு பகுதி அந்த மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. அவர்கள் சேலையோடும் தாவணியோடும் மிதித்தார்கள். இன்று அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. இத்தனை பெண்கள் மிதிக்கிற வட்டாரத்தில், மிதிக்கிற காலை மனதில் வைத்து வெட்டிய பேண்ட் ஒன்றாவது கடையில் தொங்க வேண்டாமா?

காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஆண்களுக்கு மட்டும் தைக்கிற வயதான டெய்லர் ஒருவரிடம் யோசனை கேட்டேன். டேப்பை வாங்கி அளவுகளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "இடுப்பை விடு தாயி, தொடைக்கு வெட்டு. இடுப்பை அப்புறம் புடிச்சுக்கலாம். இல்லாத துணியை எங்கிட்டு இருந்து கொண்டாறது?" இன்னொன்றும் சொன்னார். "அப்பவெல்லாம் பேண்ட்டுன்னா முன்னாடி ரெண்டு ப்ளீட் வச்சுத்தான் போடுவாக. நின்னா மூடிக்கிரும், உக்காந்தா விரியும்." என் வேலை முழுவதும் இந்த இரண்டு பேச்சின் மேல்தான் நின்றது. இடுப்பில் துணியை மடித்துப் பிடித்துக் கீழே திறந்து விடுகிற இந்த ப்ளீட்டைப் பழைய மோஸ்தர் என்று நாம் ஒதுக்கிவிட்டோம். புடைத்த முன்தொடைக்கு அதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

அளவெடுப்பதில் அவசரம் கூடாது. நின்றபடி எடுக்கிற அளவு மட்டும் போதாது. ஓட்டி முடித்து வந்த கையோடு எடுத்தால் நல்லது, தசை கொஞ்சம் விம்மி இருக்கும். வீட்டு முற்றத்தைச் சுற்றியுள்ள வளவின் தூணில் சைக்கிளைச் சாய்த்து நான் ஏறி உட்கார, அயித்தை டேப்பைப் பிடித்தார். கவட்டுக்கு ஒரு இன்ச் கீழே தொடை நின்றால் 24½, சைக்கிளில் 25¼. அதற்கு 4 இன்ச் கீழே நடுத்தொடை 23. முட்டிக்கு 3 இன்ச் மேலே 18½. முட்டி நீட்டினால் 14¾, மடக்கினால் 16. கெண்டைக்கால் 14¾. முன் இடுப்பிலிருந்து கவட்டு வழியாகப் பின் இடுப்பு வரை நின்றால் 27. கைப்பிடியைப் பிடித்துக் குனிந்தால் 28¾. இந்தக் கடைசி அளவைத் தையற்கடையில் பெண்களுக்கு யாரும் இரண்டு நிலையில் எடுப்பதில்லை. குனியும்போது கூடுகிற நீளம் முழுக்கப் பின்பக்கத்தில் கூடுகிறது. அந்த நீளம் துணியில் இல்லாவிட்டால் பேண்ட் பின்னால் கீழே இறங்கும், சட்டை மேலே ஏறும், வழியெல்லாம் கையால் இழுத்துவிட்டுக்கொண்டே போக வேண்டும்.

சீட் மட்டும் சரியாக இருந்த பழைய பேண்ட் ஒன்றைத் தையல் பிரித்து, துண்டுகளுக்கு அயர்ன் போட்டு, பழுப்புத் தாளில் படி எடுத்தேன். அதன் இடுப்பு 32, தொடை 23½. தாள் வேலைக்கு எங்கள் வளவின் ஆத்தங்குடிக் கல் தரை நன்றாக உதவியது. கல் சதுரங்களின் கோடு நேராக ஓடுவதால் தாளின் ஓரத்தை அதோடு சேர்த்து வைத்தாலே இழைக்கோடு (துணியின் நீள இழை ஓடும் திசையைக் காட்டுகிற கோடு) கோணாமல் நின்றது. முற்றத்து வெளிச்சத்தில் பென்சில் கோடு தெளிவாகத் தெரியும்.

லைக்ரா கலந்த துணி என்பதால் தொடையில் 26 இருந்தால் போதும் என்று முடிவு செய்தேன். அதாவது 2½ இன்ச் சேர்க்க வேண்டும். எவ்வளவு சேர்க்கிறோம் என்பதைவிட எங்கே சேர்க்கிறோம் என்பதுதான் காரியம். பழைய பேண்ட்டைப் பெரிதாக்க வேண்டுமென்றால் பலர் பக்கத் தையலைப் பிரித்து நீளமாக ஒரு பட்டி வைப்பார்கள். அப்படிச் செய்தால் அகலம் வெளிப்பக்கம் மட்டும் வரும், முன்தொடை பிடித்தபடியே இருக்கும், பக்கத் தையல் முன்னால் திருகிக்கொண்டு வரும். அதனால் முன்துண்டில் மடிப்புக் கோட்டை (காலின் நடுவே அயர்ன் மடிப்பு விழுகிற கோடு) இடுப்பிலிருந்து முட்டி வரை வெட்டி, முட்டியில் மட்டும் ஒட்டி இருக்கும்படி விட்டு, விசிறி மாதிரி விரித்தேன். தொடைக் கோட்டில் 1 இன்ச் விரிந்தது. இடுப்பு இன்னும் மேலே இருப்பதால் அங்கே 1¾ விரிந்தது. அந்த 1¾இல் 1 இன்ச்சை ஒரே ப்ளீட்டாக மடித்தேன். மீதி ¾ஐப் பக்கத் தையலில் வளைத்து எடுத்தேன். சீட் கோட்டில் தேவையில்லாமல் கூடியதும் அந்த வளைவிலேயே போய்விட்டது. நடுத்தொடைக்கும் இந்த விரிப்பில் பங்கு கிடைத்தது.

மீதி 1½ இன்ச்: உள்தையலில் முன்துண்டுக்கு அரை, பின்துண்டுக்கு அரை. வெளித்தையலில் சீட்டுக்குக் கீழே தொடங்கி நடுத்தொடை வரை முன்னும் பின்னும் கால் கால். அங்கிருந்து முட்டிக்கு நேர்கோடு போடாமல், முதலில் வெளியே தாங்கிப் பிறகு உள்ளே வளைகிற கோடாகப் போட்டேன். முட்டியில் 17½ விட்டேன்.

பின்துண்டுக்கு உயரம் வேண்டும். சீட் கோட்டில் நடுத்தையலிலிருந்து பக்கம் வரை குறுக்கே வெட்டி, நடுவில் 1 இன்ச் திறந்து, பக்கத் தையலில் பூஜ்யமாக முடித்தேன். உள்தையலில் சேர்த்த அரையும் அரையும் கவட்டு நீளத்திலும் 1 இன்ச் கூட்டியிருந்தது. 27ஓடு இந்த இரண்டும் சேர்ந்து ஆக மொத்தம் 29. குனிந்த அளவு உள்ளே அடங்கிவிட்டது.

இடுப்பை 32இலிருந்து 29½க்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு பின்துண்டிலும் இரண்டு சின்ன டார்ட் (இடுப்பில் அகலமாகத் தொடங்கிக் கீழே கூராக முடிகிற பிடிப்புத் தையல்), சேர்ந்து ¾. பின் நடுத்தையலில் பக்கத்துக்கு அரை. ஒரே பெரிய டார்ட்டாகப் பிடித்தால் நுனியில் குமிழ் நிற்கும், இரண்டாகப் பிரித்தால் சீட்டின் வளைவோடு படியும். இடுப்புப் பட்டியையும் நேராக வெட்டாமல், மேல் ஓரம் கீழ் ஓரத்தைவிடச் சிறிதாக வருகிற மாதிரி வளைத்து வெட்டினேன். இடுப்புக்கும் சீட்டுக்கும் 10 இன்ச் வித்தியாசம் உள்ள உடம்பில் நேர்ப்பட்டி எப்படியும் மேலே விலகித்தான் நிற்கும்.

நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன்னால் காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்ப்பது அவசியம். காடா நீளாது, ஆகவே பிடிக்கிற இடத்தை மறைக்காமல் காட்டும். துணியில் விழுகிற கோடுகளைப் படிக்கத் தெரிந்தால் போதும். கவட்டிலிருந்து முன்தொடைக்குக் கதிர் மாதிரி கோடு பாய்ந்தால் தொடையில் துணி பற்றவில்லை. சீட்டுக்குக் கீழே சிரிக்கிற வாய் போல வளைந்த கோடு விழுந்தால் பின்துண்டின் கவட்டு நுனிக்கு நீளம் போதவில்லை. இடுப்புக்குக் கீழே குறுக்கே மடிப்பு நின்றால் சீட் இறுக்கம், பேண்ட் மேலே ஏறி உட்காரப் பார்க்கிறது. காடா மாதிரியோடு சைக்கிளில் ஏறி, மிதி உச்சிக்கு வரும் நிலையில் காலை நிறுத்திப் பார்த்தேன். தொடையில் கோடு இல்லை. முட்டிக்கு மேலே மட்டும் துணி கவ்விப் பிடித்தது, அங்கே இரண்டு தையலிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன்.

அடுத்தது கவட்டு. எந்தப் பேண்ட்டிலும் நாலு தையல் ஓரிடத்தில் கூடுகிற முடிச்சு அங்கேதான் இருக்கிறது. நம் உடம்பின் கனம் சைக்கிள் சீட்டில் அழுந்துகிற இடமும் அதுவே. ஒரு மணி நேரம் மிதித்தால் அந்த முடிச்சு தோலை வெட்டும், துணியும் அங்கேதான் முதலில் கிழியும். தீர்வு ஒரு சாய்சதுரத் துண்டு. என்னுடையது 6 இன்ச் நீளம், 2 இன்ச் அகலம். நீளவாக்கு ஒரு காலின் உள்தையலிலிருந்து மறு காலின் உள்தையலுக்குப் போகும். முன்னும் பின்னும் கவட்டு நுனியில் 1 இன்ச் வெட்டி எடுத்துவிட்டால் அந்த இடத்தைத் துண்டு நிரப்பிக்கொள்ளும், மொத்த நீளம் மாறாது. இழைக்குக் குறுக்காக, 45 டிகிரியில் வெட்டினால் எல்லாப் பக்கமும் இழுபடும்.

துண்டை வைத்துத் தைப்பதில் நாலு மூலைகளும் பொறுமையைக் கேட்கும். தையல் ஓரம் எவ்வளவு விட்டோமோ அவ்வளவு தூரம் மூலைக்கு முன்பே நிறுத்தி, ஊசியைத் துணியிலேயே இறக்கி வைத்து, துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் காலைத் தூக்கித் துணியைத் திருப்பி, பிறகு அடுத்த பக்கத்தைத் தொடங்க வேண்டும். மூலைக்குப் பின்னால் சின்னத் துணுக்கு ஒன்றை வைத்துத் தைத்தால் பிய்யாது. ஜீன்ஸில் உள்ள மாதிரி மடித்து மடித்துத் தைக்கிற தடித்த தையலை இங்கே போடக்கூடாது, அதுவே இன்னொரு வரம்பாகி உறுத்தும். ஓரத்தைத் துண்டுக்கு வெளிப்பக்கமாக விரித்து அயர்ன் போட்டு, மேலே ஒற்றைத் தையல் ஓட்டினேன்.

துணி, கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு கட் பீஸ் கடையில் கிடைத்த பருத்தி டிரில், 2 சதவீதம் லைக்ரா. கையில் எடுத்து அகலவாட்டில் இழுத்துப் பார்த்தே வாங்கினேன். இழுபடும் பக்கம் தொடையைச் சுற்றி வர வேண்டும், நீளத்தில் இழுபட்டால் முட்டி தொங்கிப் போகும். கடையில் கறுப்பைத்தான் முதலில் எடுத்துப் போட்டார்கள். எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதி கறுப்பில் அப்பட்டமாகத் தெரியும், காவி கலந்த பழுப்பில் தெரியாது. வெட்டும் முன் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டேன். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் இத்தனை கணக்கும் வீண்.

வீட்டிலுள்ள தையல் மிஷினில் 16 நம்பர் ஊசி, பாலியெஸ்டர் நூல். சீட் தையலை இரண்டு ஓட்டு ஓட்டினேன். வெளித்தையலில் ஒரு இன்ச் ஓரம் உள்ளே விட்டிருக்கிறேன், கால் இன்னும் பருத்தால் பிரித்துவிடலாம். ரெடிமேட் ஜீன்ஸில் அந்த ஓரமே இருப்பதில்லை. இடுப்புப் பட்டிக்கு உள்துணியாக அயித்தையின் பழைய கண்டாங்கிச் சேலையில் ஒரு பகுதியை வைத்தேன். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். தோலோடு படுகிற இடத்தில் அது எவ்வளவு நல்ல துணி என்பதையும் சொல்ல வேண்டும். தடித்த நெசவு, துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும், வேர்வையை உறிஞ்சும், நீளவாட்டில் நெகிழாது. பட்டியின் முதுகுப் பக்கத்தில் மட்டும் உள்ளே எலாஸ்டிக் ஓடுகிறது. பாக்கெட்டுக்கு ஒரு வழி: சாய்வான பாக்கெட் வாய், தொடை புடைக்கும்போது பிளந்து நிற்கும். உள்ளே இருக்கும் பாக்கெட் துணியை ஜிப் வரை நீட்டி அதோடு சேர்த்துத் தைத்துவிட்டால் அந்த இழுப்பைப் பாக்கெட் துணி வாங்கிக்கொள்ளும், வாய் மூடியே இருக்கும். கீழ்நுனி 13 இன்ச், வலது காலில் ஒரு பட்டன் வைத்து இன்னும் இறுக்கிக்கொள்ளலாம்.

போட்டுக்கொண்டு குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி போய்த் திரும்பினேன். மிதி மேலே வரும்போதெல்லாம் ப்ளீட் விரிவதும் கீழே போகும்போது மூடுவதும் கண்ணால் பார்க்கவே தெரிந்தது. பின் இடுப்பு அசையவில்லை, சட்டை வெளியே வரவில்லை. எதிர்க்காற்றில் நன்றாகக் குனிந்து ஓட்டினேன், கவட்டில் எந்த உறுத்தலும் இல்லை. அப்படியே அலுவலகத்துக்கும் போனேன். நின்றால் சீட்டுக்குக் கீழே லேசாக ஒரு மடிப்பு விழுகிறது. குனிவதற்காகக் கொடுத்த நீளம் நிற்கும்போது அங்கேதான் போய்த் தங்கும். இரண்டு நிலைக்கும் ஒரே துணி என்றால் இந்த மடிப்பை ஏற்றுக்கொள்வதுதான் முறை, அதை எடுத்துவிட யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தைக்க முடியாதவர்கள் கடையில் வாங்கும்போது இடுப்பைப் பார்க்க வேண்டாம். ட்ரையல் ரூமில் ஒரு காலை முட்டி மடக்கி இடுப்பு உயரத்துக்குத் தூக்குங்கள், பிறகு முழுக்கக் குத்தவைத்து உட்காருங்கள். நடுத்தொடையில் துணியைக் கிள்ளிப் பிடிக்க முடிந்தால் வாங்கலாம். இடுப்பு இரண்டு மூன்று இன்ச் பெரிதாக இருந்தால் டெய்லரிடம் பின் நடுத்தையலில் மட்டும் பிடிக்கச் சொல்லாமல், பட்டியைக் கழற்றி டார்ட்டும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நடுத்தையலில் மட்டும் பிடித்தால் பின் பாக்கெட் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். புதிதாகத் தைக்கக் கொடுப்பதென்றால் ஆண்களுக்குத் தைக்கிற டெய்லரிடம் போங்கள். ப்ளீட்டும் உள்ளே விடுகிற ஓரமும் அவர்களுக்குக் கை பழகிய வேலை. உட்கார்ந்த அளவையும் சேர்த்து எடுக்கும்படி நீங்களே கேளுங்கள், தயங்காதீர்கள்.

அடுத்து இதே தாளில் டெனிம் வெட்டப் போகிறேன். லைக்ரா கலக்காத கனத்த டெனிம் என்பதால் தொடையில் 26 போதாது, 27½ வேண்டும். அந்தக் கனத்தில் ப்ளீட் தடித்துப்போகும். அதனால் முன் இடுப்பில் கூடுகிற துணியை ப்ளீட்டாக மடிக்காமல், பாக்கெட் வாயின் சாய்வுக் கோட்டிலேயே டார்ட்டாக ஒளித்துப் பிடிக்கலாம் என்று டெய்லர் அண்ணன் சொல்லியிருக்கிறார். அதைக் காடாவில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் டெனிமில் கத்தரி வைப்பேன்.